குப்புறப் படுத்து முப்பது எண்ண வேண்டும்

வெட்சூட் என்பது தண்ணீர் உள்ளே வராத உடுப்பு என்றுதான் நான் நம்பியிருந்தேன். மழைக்கோட்டுக்கு மூத்த காக்கா, அதாவது அண்ணன், என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கி ஒரு மணித்தியாலம் கழித்து ஏறி வந்தால், முதுகில் பூட்டும் சிப்பைத் திறக்கும்போது உள்ளே ஆள் பவுடர் பூசியது போலக் காய்ந்து இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முதன்முதலாக ஒரு வெள்ளைக்காரர் என் கண்முன்னே சிப்பைத் திறந்தார். முதுகு வழியாகத் தண்ணீர் வழிந்தது. பாவம், ஆரோ இந்த மனிசனுக்கு ஓட்டை உடுப்பை விற்றுவிட்டார்கள் என்று மனதுக்குள் இரங்கினேன்.

இந்த மடத்தனத்தை என் வாய் முதல் மாதத்திலேயே விட்டுவிட்டது. என் கைகள் விடுவதற்கு ஏழு வருடம் எடுத்தன. அந்த ஏழாவது வருடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

காரணம் போன மாதம் வந்த ஒரு போன். நான் பதினாறு வருடம் வேலை செய்த, அலையில் பலகை விடும் சேர்ஃபிங் கடையில் இப்போது உடுப்புகளுக்குப் பொறுப்பாக இருப்பவர் இம்தியாஸ்.

"காக்கா, ஒரு கேள்வி. கோவிக்கப்படாது."

"கேளுங்க. கோவிக்கிறதா இல்லையா எண்டு பொறகு பாப்பம்."

"இந்தப் பாய் விசயம்தான். உடுப்பு போட்டுப் பாக்கிற ஆக்கள எல்லாம் பாயில குப்புறப் படுக்கவெச்சி, தலய நிமித்தி முப்பது எண்ணச் செல்றமே. சனம் சிரிக்கிது காக்கா. இப்ப போனால ஒரு படம் எடுத்தாக் காணும், கழுத்து, நெஞ்சு, இடுப்பு எல்லா அளவும் வருகிது. பாய் வேலய நீங்க பகிடிக்குத்தான் தொடங்கின எண்டு இஞ்ச ஒரு கதை இரிக்கி."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பகிடி எண்டுதான்."

"படம் எடுக்கக்குள்ள ஆள் நிக்கிறாரா, படுக்கிறாரா?"

"நிக்கிற."

"அதான் விசயம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குச் சந்தேகம். நான் சொன்னதை அவர் அடுத்த பகிடியாக எடுத்திருப்பார். ஆயுள் முழுக்கப் பகிடி விட்டவன் ஒருநாள் உண்மை சொன்னால் இதுதான் கதி. ஆகவே எழுதித் தருகிறேன்.

நான் கல்முனைக்குடி ஆள். பசை மணம் நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்ததால் ஐம்பத்தாறு வயதிலேயே வேலையை விட்டேன். கடைக்குப் போகும்வரை கல்முனைப் பட்டினத்தில் தையற்காரன். ஜுப்பாக் கழுத்துத் தைப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. சேட் என்றால் யாரும் தைக்கலாம். ஜுப்பாவின் நிமிர்ந்த கொலர் கழுத்தில் சுருங்காமல், தளராமல், பொத்தான் போட்டதும் வளையம் மாதிரி நிற்க வேண்டும். பெருநாளைக்கு முந்திய பத்து நாளும் என் கதவில் சனம். அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கடித்தது.

என்னைக் கூட்டிப்போனவர் மாஸ்டர். கல்முனைக் கடற்கரைத் தமிழ்க் குடும்பம், மீன்பிடித்தான் பரம்பரைத் தொழில். இளமையில் கடலடியில் இறங்கி அலங்கார மீன் பிடித்தவர். அதில் ஒரு காது போய்விட்டது. பிறகு பொத்துவில் பக்கம் கடற்கரையில் சேர்ஃபிங் கடை போட்டார். ஒருநாள் என் தையற்கடைக்கு ஒரு கறுப்புத் தோலைச் சுருட்டிக்கொண்டு வந்து, தோளில் கிழிந்ததைத் தைக்கச் சொன்னார். எனக்கு ஆளிலும் சந்தேகம், தோலிலும் சந்தேகம். கள்ளக்கடத்தல் சாமான் என்றே நினைத்தேன். கதவை அரைவாசி சாத்திவிட்டு, ஜீன்ஸ் தைக்கும் ஊசி போட்டு, இரண்டு விளிம்பையும் மடித்து மெஷினில் ஓட்டிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். நான் தைத்த கோட்டோடு உடுப்பு கிழிந்து தொங்கியது. முத்திரைத் தாளில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதன் வழியே கிழிப்பது போல.

"நீ தைச்ச இடத்திலதான் கிழிஞ்சிருக்கு."

"நான் இறுக்கித்தான் தைச்ச மாஸ்டர்."

"ஆர் பாத்த?"

இந்த இரண்டு சொல்தான் மாஸ்டர். யார் எதைச் சொன்னாலும் இந்தக் கேள்வி வரும். உடுப்பைக் கழுவிவிட்டேன் என்றால், ஆர் பாத்த? சிப்புக்கு மெழுகு போட்டாச்சு என்றால், ஆர் பாத்த? இன்றைக்கு அலை சின்னது என்று யாரும் சொன்னால், தானே மணலில் இறங்கிப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். எனக்கும் சந்தேக புத்திதான். ஆனால் எங்களுக்குள் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர் சந்தேகப்பட்டால் போய்ப் பார்ப்பார். நான் சந்தேகப்பட்டால் அதையே நம்பிவிடுவேன்.

அவர் கடைக்கே போய் வேலை பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெட்சூட்டின் உள்ளே இருப்பது நுரை மாதிரியான றப்பர், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள். கிழிந்தால் இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகப் பசை பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி காயவிட்டு, பிறகு விளிம்போடு விளிம்பை நேராக வைத்து அழுத்த வேண்டும். ஒட்டியதன் மேல் வளைந்த ஊசியால் தைக்க வேண்டும். ஊசி றப்பரின் பாதி ஆழம்தான் போகலாம். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அது தையல் இல்லை, ஓட்டை. இதைப் பழக எனக்கு ஒரு சீசன் முழுக்கப் போனது.

தண்ணீர் விசயத்தை மாஸ்டர் முதல் மாதமே சொன்னார்.

"உள்ள தண்ணி வரும். வரத்தான் வேணும். வந்த கொஞ்சத் தண்ணி வெளிய ஓடாம நிக்கிறதுதான் வித்தை. உன்ர உடம்பு அதச் சூடாக்கும். அந்தச் சூட்டைக் குமிழி வெளிய விடாது. உடுப்பு லூசா இருந்தா, சூடான தண்ணி போய்ப் பச்சத்தண்ணி வந்துகொண்டே இருக்கும். பிறகு போட்டும் ஒண்டுதான், போடாமலும் ஒண்டுதான்."

"எங்கட கடல் வெந்நீர் மாதிரிக் கிடக்கு மாஸ்டர். இதுக்கு என்னத்துக்குப் போர்வை?"

அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, காற்று வீசும் நேரம், மாஸ்டர் என்னைக் கட்டிய சாரத்தோடு நெஞ்சளவு தண்ணீரில் நிறுத்தினார். ஒன்றரை மணித்தியாலம். முதல் அரை மணித்தியாலம் பாட்டுப் பாடினேன். அடுத்த அரை மணித்தியாலம் பேசாமல் நின்றேன். கடைசி அரை மணித்தியாலத்தில் என் பல்லின் சத்தம் எனக்கே கேட்டது. ஏறி வந்து பால் விடாத பிளேன்ரீக் கோப்பையைப் பிடித்தால் பாதி மணலில் கொட்டியது.

"இப்ப சொல்லு, வெந்நீரோ?"

இன்னும் பல உபகாரம் உண்டு. பாறையில் உரசினால் தோலுக்குப் பதில் றப்பர் கிழியும். சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் பட்டால் தடிப்பது குறையும். வெயில் முதுகைத் தோலுரிக்காது. குமிழி இருப்பதால் ஆளைக் கொஞ்சம் மிதக்கவும் வைக்கும். இந்தக் கடைசி உபகாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரிடம் ஒரு பழுதுக் கொப்பி இருந்தது. உடுப்பின் இலக்கம், பழுது, செய்தவர், பார்த்தவர் என்று நாலு கோடு. செய்தவரும் பார்த்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வாடகைக்குப் போய் வந்த உடுப்பை நான் உள்பக்கம் வெளியாகப் புரட்டி நல்ல தண்ணீரில் முக்கி, நிழலில், இடுப்பில் மடித்துத் தடித்த கம்பில் போடுவேன். மாஸ்டர் ஒவ்வொன்றாக வந்து தையலை நுள்ளிப் பார்ப்பார், சிப்பை மூன்று தரம் இழுப்பார், கடைசியில் முகர்ந்து பார்ப்பார். கடலுக்குள் நின்றபடியே உடுப்புக்குள் சிறுநீர் கழிக்கும் பழக்கம் உலகம் முழுக்கச் சேர்ஃபிங் செய்பவர்களுக்கு உண்டு. குளிர் நீங்குமாம். மாஸ்டர் மூக்கைச் சுளித்தால் அந்த உடுப்பு மறுபடி என் தொட்டிக்கு.

"கழுவின எண்டியே?"

"மூணுதரம் கழுவின மாஸ்டர். இது அந்த மனிசன்ட குணம், போகாது."

ஏழாவது சீசனில் பரீதா டீச்சர் வந்தார். பொத்துவில் ஊர். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பிப்பவர். கடையில் சனிக்கிழமை காலையில் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு, குடாவின் உள்பக்கம் ஒதுக்கமான இடத்தில். பழக்கியவர் சுமதி, எங்கள் கடையின் ஒரே பெண் பயிற்சியாளர். ஆறேழு பெண்கள் வருவார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய வெட்சூட், அதன் மேல் தளர்ந்த மேல்சட்டை, தலையில் இறுக்கமான நீச்சல் முக்காடு, அதன் நுனி உடுப்பின் கழுத்துக்குள். வெட்சூட் இல்லாவிட்டால் அந்தப் பெண்களில் பாதிப்பேர் கடலில் கால் நனைத்திருக்க மாட்டார்கள். குளிருக்காகச் செய்த உடுப்பு எங்கள் ஊரில் அனுமதிச் சீட்டாகவும் இருந்தது.

பரீதா டீச்சருக்கு இது பொழுதுபோக்கு இல்லை. சுனாமி வந்த நேரம் அவருடைய தங்கை போனாள். கடலிலிருந்து இருநூறு கஜத் தூரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு நீந்தத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க வேண்டும், அதற்குமுன் தான் பழக வேண்டும் என்பது டீச்சரின் பிடிவாதம். உம்மாவுக்கு விருப்பமில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். ஆகவே டீச்சரின் வீட்டில் மாப்பிள்ளை ஓம் என்று சம்மதித்தது பெரிதில்லை. உம்மா ஓம் சொல்ல வேண்டும். மூன்று மாதம் மல்லுக்கட்டி ஓம் வாங்கியிருந்தார்.

கடை உடுப்புகள் வெளிநாட்டு உடம்புக்குச் செய்தவை. டீச்சருக்கு உடுப்பின் கழுத்துப் பெரிது. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து நீலமாகிய உதட்டோடு வந்தார்.

"காக்கா, அலை அடிச்சாக் கழுத்தால தண்ணி போய் முதுகு பலூன் மாதிரி ஊதிப்போகிது. அரை மணித்தியாலத்துக்கு மேல நிக்க ஏலா. கழுத்தக் கொஞ்சம் புடிச்சித் தாங்களன்."

பெண்ணின் கழுத்தில் நான் நாடா வைக்க முடியாது. எங்கள் பக்கத்துத் தையற்காரர்களுக்கு இதற்கொரு வழி உண்டு. சட்டையென்றால் அளவுச்சட்டை வரும். அளவுச்சட்டை இல்லாத சாமானுக்கு நூல் வரும். வீட்டில் பெண்கள் அளந்து, முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். செவ்வாய்க்கிழமை சுமதி ஒரு வெள்ளை நூலைக் கொண்டுவந்து தந்தாள். ஒரு முடிச்சு, கொஞ்சம் தள்ளி இன்னொரு முடிச்சு.

"அவட உம்மா அளந்த. கவனமாம். துலைக்க வேணாமாம்."

என் வாழ்க்கையின் மிக நல்ல கழுத்தை அன்றைக்குத் தைத்தேன். வெட்டினேன், இரண்டு பூச்சுப் பசை, வளைந்த ஊசி, உள்பக்கம் ஒரு நூல்கூடத் தெரியாது. ஜுப்பாக் கொலர் தோற்றுப்போகும். தைக்கும்போது நான் செய்த ஒரு சின்னக் காரியத்தை இந்த இடத்தில் விழுங்குகிறேன். அன்றைக்கும் இதே இடத்தில்தான் விழுங்கினேன். மாஸ்டர் அந்த வாரம் கல்முனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். கொப்பியில் செய்தவர் கோட்டில் என் பெயரை எழுதினேன். பார்த்தவர் கோடு வெறுமையாகக் கிடந்தது.

சனிக்கிழமை காலை. நான் கொட்டிலில் இருந்து ஒரு சிப்போடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பலகையில் குப்புறப் படுத்து, தலையை நிமிர்த்தி, கையால் தண்ணீரை வலித்துக்கொண்டு போவது தூரத்தில் தெரிந்தது. முதல் அலையை விட்டார். இரண்டாவதுக்குத் திரும்பினார். பிறகு தலை பலகையில் விழுந்தது. ஆள் அப்படியே ஒரு பக்கமாக வழுக்கித் தண்ணீருக்குள் போனார். கை அசையவில்லை.

இனி என் வீரத்தைக் கேளுங்கள். நான் எழுந்து, "சுறா! சுறா!" என்று கத்தினேன். அந்தக் குடாவுக்குள் சுறா வந்ததை யாரும் கண்டதில்லை. ஆனால் ஒரு மனிசி சத்தமில்லாமல் மறைந்தால் கீழே இழுக்க ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று என் மூளை முடிவெடுத்துவிட்டது. என் சத்தத்தில் மற்றப் பெண்கள் எல்லாரும் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். உதவிக்குப் போகக்கூடியவர்களை எல்லாம் நானே கலைத்துவிட்டேன். பிறகு நானும் ஓடினேன். தண்ணீர் விளிம்புவரை ஓடி, திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்து, மறுபடி ஓடினேன். கழுத்தில் அளவு நாடா, கையில் பசைத் தூரிகை. சுறாவுக்குப் பசை பூசப் போனேனோ தெரியாது.

சுமதி மட்டும் ஓடவில்லை. டீச்சர் அடியில் போகவில்லை, உடுப்பு அவரை மேலேயே வைத்திருந்தது. முகம் மட்டும் தண்ணீருக்குள். சுமதி இரண்டு பாய்ச்சலில் போய் ஆளைப் புரட்டி முகத்தை மேலே பிடித்து, இழுத்து வந்து மணலில் போட்டு, முதல் வேலையாகச் சிப்பைத் திறந்தாள். மூச்சு இருந்தது. கொஞ்ச நேரத்தில் டீச்சர் இருமினார், கண்ணைத் திறந்தார்.

"என்ன நடந்த?" என்று அவர்தான் கேட்டார்.

"எங்க காக்கா சுறா?" என்று சுமதி என்னைக் கேட்டாள். அன்றையிலிருந்து அந்தக் கடற்கரையில் என் பெயர் சுறாக் காக்கா.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்ற சொல் எங்கள் ஊரில் வீடு வந்து சேரும்போது வேறாகிவிடும். டொக்டருக்கே தெரியாத வருத்தம் என்றாகி, திங்கட்கிழமைக்குள் டீச்சருக்கு நெஞ்சு பலவீனம் என்று முடிவாகிவிட்டது. உம்மா ஓமைத் திருப்பி எடுத்துக்கொண்டார். கடல் இல்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டுப் பொறுப்பையும் விடச் சொன்னார். மற்றப் பெண்களின் வீடுகளிலும் கதை பரவியது. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு ஒருத்தரும் இல்லை. சுமதி தனியாக மணலில் குந்தியிருந்தாள்.

நான் என்ன செய்தேன்? சந்தேகப்பட்டேன். எனக்கு அதில்தான் தேர்ச்சி. முதலில் வாசல் தேத்தண்ணிக் கடை அப்பத்தைச் சந்தேகப்பட்டேன், பழைய மாவாக இருக்கும் என்று. பிறகு கண்ணூறு. பிறகு சுமதி. வெறும் வயிற்றில் அலைக்கு விட்டிருப்பாள் என்று தேத்தண்ணிக் கடையில் இருந்து இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். கடைசியில் மாஸ்டரையே சந்தேகப்பட்டேன். அந்த மனிசன் திரும்பி வந்ததிலிருந்து ஒன்றும் கதைக்கவில்லை. டீச்சரின் உடுப்பை எடுத்து மேசையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழியை என்னில் போடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததில் பாதி சரி.

"விழ முதல் கிழமையும் அவ வந்தவ. அதுக்கு முதல் கிழமையும் வந்தவ. ஒண்டும் நடக்கேல்ல" என்றார் மாஸ்டர். "விழுந்த கிழமை என்ன புதுசு?"

"அப்பம், மாஸ்டர்."

"கழுத்து" என்றார். கொப்பியைத் திறந்து வெறும் கோட்டில் விரலை வைத்தார். "ஆர் பாத்த?"

நான் சிரித்தேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "மாஸ்டர், நான் முப்பது வருசமாக் கழுத்துத் தைக்கிறன். ஒரு மௌலவியும் மயங்கி விழல்ல."

"அப்ப உனக்கும் ஒண்டு அதே மாதிரித் தை. அதே மாதிரி."

தைத்தேன். என் கழுத்தில் நானே நூல் பிடித்து, டீச்சருக்குச் செய்தது போலவே செய்தேன். உள்ளே ஒரு மெல்லிய துணியையும் சுற்றச் சொன்னார், முக்காட்டுக்குப் பதிலாக. சிப்பை மேலே இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். சுகமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், மாப்பிள்ளை மாதிரி இருந்தேன்.

"பாத்தீங்களா? ஒண்டுமில்ல."

"கடலில ஆரும் நிண்டுகொண்டு போறேல்ல. படு."

கொட்டிலில் கிடந்த பன்பாயில் குப்புறப் படுத்தேன். தலையை நிமிர்த்தி, கையால் வலிக்கச் சொன்னார். மணலில் நீந்தும் ஆமை மாதிரி வலித்தேன். எண்ணச் சொன்னார். எண்ணினேன். ஒன்பதில் ஒரு பகிடி விட்டேன். பதினைந்தில் காதுக்குள் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம். பதினேழைச் சொன்னதாக ஞாபகம்.

பதினெட்டைக் காணவில்லை. கண்ணைத் திறந்தபோது வாயில் பாய்க்கோரை, சிப் திறந்து கிடந்தது, மாஸ்டர் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கலிமாவை இரண்டு தரம் சொல்லிவிட்டு, "பிளேன்ரீயில என்ன போட்ட நீங்க?" என்று கேட்டேனாம். இதைச் சுமதி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

மாஸ்டர் உடனே டீச்சரைப் பார்த்த டொக்டருக்குப் போன் போட்டார். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் உண்டு. அதில் ஓரிடத்தில் உடம்பு இரத்த அழுத்தத்தை அளந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து அந்த இடத்தை நெருக்கினால், உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்று உடம்பு ஏமாந்து இதயத்தை மெதுவாக்கும். சிலருக்கு மயக்கம் வரும். நெருக்கலை எடுத்தால் சரி. டொக்டர் சொன்னதை மாஸ்டர் கேட்கும் காதில் போனை வைத்து இரண்டு தரம் சொல்லவைத்தார். குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்தினால், நின்று அளந்த கொலர் அந்த இடத்தில்தான் போய் நெருக்கும்.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு நான், மாஸ்டர், சுமதி மூன்று பேரும் அந்த உடுப்பையும் எடுத்துக்கொண்டு டீச்சரின் வீட்டுக்குப் போனோம். என் சேட் பொக்கட்டில் அந்த வெள்ளை நூல். ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டால், காரணம் நல்லதில்லை. வழி நெடுக ஒரு கதை தைத்துக்கொண்டு வந்தேன். நூல் வீட்டிலிருந்து வந்தது, வந்த அளவுக்குத் தைத்தேன், தையற்காரன் என்ன செய்வான் என்ற கதை. நல்ல கதை. ஒரு தையல்கூட வெளியே தெரியாது.

உம்மா கதிரையில் இருந்தார். டீச்சர் உள் கதவோரம் நின்றார், ஒரு வாரத்தில் இளைத்துப்போயிருந்தார். மாஸ்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, உடுப்பின் கழுத்துத்தான் இறுக்கம், அதே இறுக்கத்தில் இந்த மனிசனும் விழுந்தான், டொக்டரும் ஓம் என்கிறார்.

டீச்சரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. உம்மாவின் முகத்தில் இருந்தது போனது.

"கழுத்தா?" என்றார். "அப்ப நான் புடிச்ச நூலா?"

உம்மா தன் விரல்களைப் பார்த்தார்.

"முக்காட்டோட சேத்துத்தான் புடிச்ச. ஒரு விரலும் உள்ள வெச்சித்தான் முடிச்சுப் போட்ட. ஆனா, போகப்படாது போகப்படாது எண்டு மனசுக்குள்ள கிடந்திச்சி. அந்தக் கோவத்தில இழுத்துப் புடிச்சிட்டனோ தெரியா." கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "ஒரு புள்ளய அந்தத் தண்ணி கொண்டு போன. மத்தத நானே குடுக்கப் பாத்திட்டன், யா அல்லாஹ்."

"இல்லம்மா, நீங்க ஒண்டும் செய்யல்ல" என்றார் டீச்சர். ஆனால் நூலைப் பிடித்தது உம்மா என்பது அவருக்கும் தெரியும். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தால் போதும், என் கதை பொருந்திவிடும். உம்மாவே பாதியைத் தைத்துத் தந்திருந்தார். என் நெஞ்சு அடித்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் கதவு திறந்திருக்கும். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

பொக்கட்டிலிருந்து நூலை எடுத்தேன். கழுத்தில் கிடந்த நாடாவை மேசையில் நீட்டி, அதன் மேல் நூலை முடிச்சுக்கு முடிச்சு இழுத்து வைத்தேன். பக்கத்தில் டீச்சரின் உடுப்பை விரித்து, கழுத்தையும் அளந்து காட்டினேன். பிறகு சொன்னேன். பெண்கள் அளவு அனுப்பினால் தளர்த்தித்தான் அனுப்புவார்கள் என்று தையற்காரர் எங்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அதோடு, தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகாமல் தைத்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு விடவில்லை. அதனால் வந்த அளவை நம்பாமல் என் பாட்டுக்குக் குறைத்தேன். உள்ளே விட்ட அந்த விரலையும், முக்காட்டின் தடிப்பையும் நான்தான் வெட்டி எடுத்தேன்.

உம்மா நாடாவைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எண்ட மகள்ட மாப்புளட ஜுப்பாவும் நீங்கதானே தைச்ச?" என்று கேட்டார். அன்றிரவே அந்தக் கொலரைப் பிரித்துவிட்டாராம்.

டீச்சர் இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை வந்தார். கழுத்தை வந்த நூலுக்கே திருப்பித் தைத்திருந்தேன். பாயில் குப்புறப் படுத்து முப்பது எண்ணிய முதல் ஆள் அவர். எண்ணும்போது சிப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தது உம்மா.

உம்மா அனுப்பிய நூல் பதின்மூன்றேகால் அங்குலம். நான் தைத்த கழுத்து பன்னிரண்டே முக்கால்.